மூடிய கால்வாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஹோல்பர்ன் வயடக்ட் என்ற பாலத்தைப் பார்த்தேன். இரும்பில் அத்தனை வேலைப்பாடு, ஓரத்தில் சிலைகள். எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீர் இல்லை, சாலைதான் போகிறது. ஃப்ளீட் என்ற சாக்கடைக் கால்வாய் அங்கே இருந்ததாம், மூடிவிட்டார்களாம். எங்கள் ஊர் பெரும்பள்ளம் ஓடையையும் அப்படி மூடிவிட்டால் நாற்றமும் போகும், சாலையும் கிடைக்குமே?

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

ஃப்ளீட் எங்கும் போய்விடவில்லை. நீங்கள் எட்டிப் பார்த்த ஃபாரிங்டன் தெருவுக்கு அடியில் இன்றும் ஓடுகிறது.

வடக்கே ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் பிறந்து, பிளாக்ஃப்ரையர்ஸில் தேம்ஸில் விழும் சிற்றாறு அது. இறைச்சிக் கடைக்காரர்களும் தோல் பதனிடுபவர்களும் அதைச் சீக்கிரமே சாக்கடையாக்கிவிட்டார்கள். தூபப் புகையையும் மீறி நாறுகிறது என்று பக்கத்து மடத்துத் துறவிகள் அரசரிடம் முறையிட்டது 1290இல்.

1666இன் பெருந்தீ கரையிலிருந்த வீடுகளை அழித்ததும் நல்வாய்ப்பு ஒன்று வந்தது. செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னும், பள்ளிக்கூட இயற்பியலில் நாம் படித்த ராபர்ட் ஹூக்கும் சேர்ந்து, தேம்ஸிலிருந்து ஹோல்பர்ன் வரை அந்தச் சாக்கடையை அகலப்படுத்தி, கல்கரை கட்டி, படகுக் கால்வாயாக மாற்றினார்கள். 1674இல் வேலை முடிந்தது. செலவு 50,000 பவுண்டுக்கும் மேல். பிரைட்வெல்லிலும் ஃப்ளீட் லேனிலும் கட்டிய நடைபாலங்கள், படகு அடியில் நுழைவதற்காக உயர வளைந்தவை. படியேறித்தான் கடக்க வேண்டும்.

அழகான திட்டம்தான். ஆனால் படகுகள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. கடல் ஓதம் ஏறும்போதெல்லாம் தேம்ஸ் சேற்றைக் கொண்டுவந்து தள்ளியது, மேலிருந்து வந்த கழிவும் நிற்கவில்லை. கரை கட்டியவர்கள் கழிவு வரும் வழியைத் தொடவே இல்லை, கோளாறு அங்கேதான். அறுபதே ஆண்டுகளில் மூட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கும் சுகாதாரம் முதல் காரணமல்ல. மேயருக்கு மாளிகை கட்ட நகர நடுவிலிருந்த சந்தையை எடுக்க வேண்டியிருந்தது. சந்தைக்கு இடம் வேண்டுமே! ஹோல்பர்னிலிருந்து ஃப்ளீட் ஸ்ட்ரீட் வரை கால்வாய்மீது வளைவு கட்டி, 1737இல் மேலே கடை திறந்தார்கள். மிச்சமிருந்த பகுதி 1766இல், புதிய பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்துக்குச் சாலை போடுவதற்காக மூடப்பட்டது. பாலத்தை நீட்டிக்கொண்டே போனால் கடைசியில் அது மூடிதான்.

நாற்றம் தீர்ந்ததா? 1846இல் உள்ளே அடைபட்ட வாயு வெடித்தது. பீறிட்டு வந்த கழிவு பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தருகே ஒரு நீராவிப் படகைத் தூணில் மோதவைத்தது. 1862இல், உலகின் முதல் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த பள்ளத்தில் இதே சாக்கடை உடைத்துக்கொண்டு பாய்ந்தது.

நீங்கள் பார்த்த வயடக்ட் 1869இல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்தது. தண்ணீர் மறைந்து நூறாண்டுக்குப் பிறகு எதற்குப் பாலம்? ஆறு அரித்த பள்ளம் அப்படியே இருந்ததே! ஹோல்பர்ன் சரிவில் வண்டிக் குதிரைகள் ஏறவும் இறங்கவும் திணறின. ஆற்றை மூடலாம், பள்ளத்தை மூட முடியாது.

நிலைமையை மாற்றியது மூடியல்ல. 1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தபின், ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர் ஆற்றங்கரைக்கு இணையாகப் பெரிய குழாய்களைப் பதித்து, கழிவை தேம்ஸில் விழுமுன் மறித்துக் கிழக்கே திருப்பினார். அப்படியும் பெருமழையில் ஃப்ளீட் வழிந்து தேம்ஸில் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பிடிக்க 25 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்று குடைந்து, கழிவு வழிந்து கொட்டும் வாய்களை அதோடு இணைத்து 2025இல்தான் முடித்தார்கள்.

ஆகவே பெரும்பள்ளத்துக்கு மூடி வேண்டாம் என்பேன். வீட்டுக் குழாயும் பட்டறைக் குழாயும் ஓடையில் எங்கெங்கே சேர்கின்றன என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. மேலே சாலை வந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, தூர்வார பொக்லைன் இறங்கவும் வழியிருக்காது.