அறிவுசார் குறைபாடு: உடை, காவடி, உதவித்தொகை (தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகள்)

11 வயது மகளுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் தானாகக் கால்சட்டை போட வரவில்லை. (சாட்ஸ்வொர்த்)

கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். இடுப்புக்குச் சற்றுக் கீழ்வரை நீங்கள் ஏற்றிவிட்டு, மிச்சத்தை மட்டும் அவளை இழுக்கச் சொல்லுங்கள். அது கைவந்தபின் முழங்காலிலிருந்து, அப்புறம் கணுக்காலிலிருந்து. காலை நுழைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. தினமும் வேலையை அவளே முடிப்பதால் சலிப்பு வராது. இலாஸ்டிக் வைத்த, ஒரு அளவு பெரிய கால்சட்டை போதும். ஜிப்பும் பொத்தானும் பிறகு. முதலில் கையைப் பிடித்துச் செய்யவையுங்கள், பின் முழங்கையைத் தொட்டால் போதும், பின் விரலால் காட்டினால் போதும் என்று உதவியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். "இழு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுவது இங்கேதான்: அப்பா வேறு சொல் சொல்வார், ஆயா பொறுக்காமல் தானே மாட்டிவிடுவார். காலைப் பள்ளி அவசரத்தில் வேண்டாம். மாலைக் குளியலுக்குப் பின் பழக்குங்கள்.

காவடி எடுத்தால் மகனுக்குக் குணமாகுமா? (ஃபீனிக்ஸ்)

அறிவுசார் குறைபாடு நோயல்ல, மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, மருந்தாலும் மாறாது. நேர்த்திக்கடன் உங்கள் விருப்பம். ஆனால் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவன் என்றால் விரதத்துக்காக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரலாம். மேளச் சத்தம் தாங்காதவனுக்குக் காதுக் கவசம் மாட்டிவிடுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் மரபணுக் குறைபாடு) உள்ள தம்பிக்கு 24 வயது. சில மாதமாக ஒரே தூக்கம், பேச்சும் குறைந்துவிட்டது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

"அவன் அப்படித்தான்" என்று டாக்டரே சொன்னாலும் விடாதீர்கள். டவுன் சிண்ட்ரோமில் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை தேவை. செவித்திறன், குறட்டையோடு மூச்சு நிற்பது, பல்வலி, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மகனுக்கு 18 ஆகப்போகிறது. கேர் டிபெண்டன்சி கிராண்ட் (கடும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை) தொடருமா? (லெனேஷியா)

தொடராது. பெரியவர்களுக்கான டிசபிலிட்டி கிராண்ட்டாகத் தானே மாறவும் மாறாது. சாசா (அரசின் சமூக உதவித்தொகை அமைப்பு) அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மணமாகாதவன் என்றால் அவனது வருமானம், சொத்தைத்தான் பார்ப்பார்கள், உங்களுடையதை அல்ல. பலர் இது தெரியாமலே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். அடையாள அட்டையை 16 வயதிலேயே எடுத்துவிடலாம். மருத்துவ அறிக்கை 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பழைய பள்ளி அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். 5 நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு அவன் சிரித்துப் பேசுவது மட்டுமே தெரியும், தனியாகப் பஸ் ஏற முடியாதது தெரியாது. நிராகரித்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.