சிக்னலில் ஆஃப் ஆகும் பழைய 800: கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “1994 மாடல் மாருதி 800, அப்பா வாங்கியது, விற்க மனசில்லை. எஞ்சின் சூடான பிறகும் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் ஓடுகிறது, சோக்கை உள்ளே தள்ளினால் சிக்னலில் ஆஃப் ஆகிவிடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? நானே மாற்ற முடியுமா?”

நீங்களே மாற்றலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஆனால் மாற்ற வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நீங்கள் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் சாமான். சோக் என்பது காற்றை அடைத்து பெட்ரோலின் பங்கைக் கூட்டும் வேலை. சூடான எஞ்சினுக்கும் அது தேவைப்படுகிறது என்றால், ஒன்று ஐடிலிங்குக்கான (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடுவதற்கான) பெட்ரோல் வரவில்லை, இல்லை கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது. கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், நனைந்த பிளக் என்று நீங்கள் எழுதியிருந்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ப்ளோட்டையும் (மிதவை) நீடில் வால்வையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுடையது அதற்கு நேர் எதிர்க் கேஸ்.

முதலில் காசு செலவில்லாத சோதனை. கார்புரேட்டரின் பக்கத்தில் ஒயர் போகும் ஒரு குட்டி உருளை இருக்கும், அதுதான் சொலினாய்டு, கரண்டு வந்தால் ஐடிலிங் பெட்ரோல் வழியைத் திறந்துவிடும் வால்வு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, அந்த ஒயரைக் கழற்றி மறுபடி செருகினால் ‘டிக்’ என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஐடிலிங் பெட்ரோல் போகும் வழி மூடியே கிடக்கிறது என்று அர்த்தம். ஒயரில் கரண்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு, வந்தால் சொலினாய்டை மட்டும் மாற்றினால் போதும். இதைப் பார்க்காமலே முழு கார்புரேட்டரை மாற்றிய வண்டிகள் எத்தனையோ.

அப்புறம் வேக்கம் டியூப்கள், அதாவது எஞ்சின் உறிஞ்சும் இழுப்பை மற்ற சாமான்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள். முப்பது வருஷ ரப்பர் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் கலவை போகும் குழாய்) பக்கத்து முனையை விரலால் அடைத்துப் பாருங்கள். எதை அடைத்ததும் ஓட்டம் சீராகிறதோ அந்த டியூபோ, அது போய்ச் சேரும் சாமானோதான் குற்றவாளி. சிலர் சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து பேக்கிங்கைச் (இரண்டு பாகங்களுக்கு நடுவே காற்று புகாமல் வைக்கும் தகடு) சுற்றித் தெளித்து லீக் பார்ப்பார்கள். சூடான எஞ்சின் மேல் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு. ஐடிலிங் பெட்ரோலை அளந்து விடும் குட்டிப் பித்தளைத் துண்டு அது. கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றழுத்தத்தில் ஊதினால் சரியாகும். ஊக்கு, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை ஓட்டை மயிரிழை அகலமானாலே பெட்ரோல் அளவு மாறிவிடும். ரிப்பேர் கிட் வாங்கி டயாப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு), பேக்கிங், நீடில் வால்வு மூன்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

இந்த இடத்தில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளில் வரத் தொடங்கிய இதை மனதில் வைத்து உங்கள் வண்டியின் ரப்பர்கள் செய்யப்படவில்லை. அதோடு, சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று போதும், இந்தக் கலவைக்கு 13.5 வாக்கில் போதும், அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிக எரிபொருள் வேண்டும். புது வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. ஏற்கெனவே பெட்ரோல் குறைவாகப் போகும் வண்டி இன்னும் திணறுவது இதனால்தான். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். பெட்ரோல் டியூப் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு த்ராட்டில் ஷாஃப்டை (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தகட்டின் அச்சு) பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் ஷாஃப்ட் உட்காரும் துளை தேய்ந்துவிட்டது, அந்த இடைவெளியில் காற்று போய்க்கொண்டே இருக்கும், எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் ட்யூனிங் நிற்காது. அடிப்பக்கம் வளைந்திருந்தாலும், ஸ்க்ரூ மரை போயிருந்தாலும் அதே கதைதான். இவை இருந்தால் மெக்கானிக் சொல்வது நியாயம்.

இந்த 800-களுக்கு வந்தது ஜப்பானிய மிகுனி வகைக் கார்புரேட்டர், சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் யூகால் கம்பெனி தயாரித்தது. ஆம்னியுடையது பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உட்கார்கிறதே என்று மாட்டாதீர்கள், பழையதைக் கையோடு கொண்டுபோய் அதன் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழசு வாங்குவதானால் கடையிலேயே ஷாஃப்டை ஆட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மலிவான டூப்ளிகேட் புதுசைவிட ஷாஃப்ட் ஆடாத ஒரிஜினல் பழசு மேல் என்பது என் கட்சி.

மாற்றும்போது பேட்டரி நெகடிவை முதலில் கழற்றுங்கள், எஞ்சின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. எல்லா டியூபிலும் டேப் ஒட்டி எண் எழுதி, போட்டோவும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் உள்ளே வருவதும் டேங்குக்குத் திரும்புவதும் இடம் மாறினால் தலைவலி. கார்புரேட்டரைத் தூக்கியதுமே மேனிஃபோல்டு ஓட்டையில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். ஒருமுறை அவசரத்தில் அதைச் செய்யாமல் ஒரு வாஷரை உள்ளே போட்டுவிட்டு, அதைக் காந்தம் கட்டி எடுக்கச் சாயங்காலமானது எனக்கு.

அடியில் இருக்கும் தடித்த கறுப்புத் துண்டு எஞ்சின் சூடு மேலே ஏறாமல் தடுப்பது, அதைத் தூக்கிப் போடாதீர்கள். பேக்கிங் புதுசாக இருக்கட்டும், மேலே பசை தடவ வேண்டாம், பெட்ரோலில் கரைந்து துணுக்கு ஜெட்டில் போய் உட்காரும். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பலத்தைக் காட்டினால் புதுசும் வளையும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருவரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் முழுசாகத் திறந்து, விட்டதும் பட்டென்று திரும்பி வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கேபிள் சிக்கி ரேஸ் இறங்காமல் ரோட்டில் போவதைவிடப் பயங்கரம் வேறில்லை.

ட்யூனிங்கை எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்க உள்ளே போன பிறகு, ஏர் ஃபில்டரை மாட்டிய நிலையில் செய்யுங்கள். மிக்சர் ஸ்க்ரூவை (ஐடிலிங் பெட்ரோல் அளவை மாற்றுவது) ஓட்டம் தடுமாறும் வரை மெதுவாக உள்ளே முடுக்கி, பிறகு சீராகும் வரை வெளியே திருப்பி, கடைசியில் ஐடிலிங் வேகத்தை மாற்றும் ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் அடி நட்டுகளை இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள், பேக்கிங் அமுங்கி ஒன்றிரண்டு லூசாகியிருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்பழுப்பாக இருந்தால் மிக்சர் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம், வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, அதைக் கால் சுற்று வெளியே திருப்புங்கள்.