லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கும்போது போலீஸ் காரை நிறுத்தினால் என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: டெக்சாஸில் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு வந்துவிட்டது, துப்பாக்கியைக் கூடவே எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸும் (கேரி லைசென்ஸ்) எடுத்துவிட்டீர்கள். இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு வண்டி ஓட்டும்போது போலீஸ் நிறுத்தினால் நாமாகவே சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா?

நாமாகவே சொல்லிவிடுவதுதான் நல்லது. ஆனால் சொல்லும்போது கை எங்கே இருக்கிறது, துப்பாக்கி எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, காரில் கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், இந்த மூன்றும்தான் உயிர் சம்பந்தப்பட்டவை. லைசென்ஸ் வகுப்பில் எனக்கும் சொல்லித்தந்தார்கள். மண்டையில் உறைத்தது அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அன்றுதான்.

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ரோசன்பெர்க் பக்கம் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த சின்னக் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி கல்லாப் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு நான்தான் கிளம்ப வேண்டும். இரண்டு முறை கடையை உடைத்துப் புகுந்தார்கள். அதற்கப்புறம் 2016இல் லைசென்ஸ் எடுத்தேன். 2018 தீபாவளி முடிந்த வாரம், விருதுநகரிலிருந்து வந்திருந்த அம்மாவை பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சன்னதிக்குள் இடுப்பில் அதோடு போக எனக்கு மனசு வராது. கழற்றி க்ளவ் பாக்ஸில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது எடுத்து மாட்டவில்லை. அம்மாவிடம் நான் துப்பாக்கி வைத்திருப்பதையே சொல்லியிருக்கவில்லை. சொன்னால் ஊருக்குப் போய் தூங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

வரும் வழியில் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு. என் காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம், அது எனக்குத் தெரியாது. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஆபீசர் என் பக்கம் வருவார் என்று பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அம்மா பக்கமாக வந்தார். நெடுஞ்சாலையில் போகிற வண்டி இடித்துவிடக் கூடாதென்று பலர் அப்படித்தான் வருவார்கள். டார்ச் வெளிச்சம் அம்மாவின் மடியில் விழுந்தது. மடியில் குங்குமப் பொட்டலமும் பிரசாத லட்டு டப்பாவும். லைசென்ஸ், இன்சூரன்ஸ் என்று கேட்டார். அம்மாவுக்கு இன்சூரன்ஸ் என்ற சொல் புரிந்துவிட்டது. "ஏய்யா, பேப்பரெல்லாம் இதுக்குள்ளதான இருக்கு?" என்று க்ளவ் பாக்ஸின் பிடியில் கையை வைத்தாள்.

நான் கத்திவிட்டேன். "யம்மா, கைய எடு! தொடாத!"

அந்த நொடியை அவர் இடத்தில் நின்று பாருங்கள். இருட்டு ரோடு. தெரியாத மொழியில் ஒரு ஆள் கத்துகிறான். பக்கத்தில் இருப்பவரின் கை மூடிய பெட்டியைத் திறக்கப் போகிறது. அவர் ஓர் எட்டுப் பின்னால் போனார். வலது கை இடுப்புக்கு இறங்கியது. உறையின் பிடிப்பு விடுபடுகிற சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் அதட்டியதில் பயந்துபோய் அம்மா கையை எடுக்காமல் பிடியிலேயே வைத்திருந்தாள்.

ஸ்டியரிங் மேல் பத்து விரலையும் விரித்துவைத்து ஆங்கிலத்தில் பேசினேன். இவர் என் தாய், ஆங்கிலம் தெரியாது. என்னிடம் டெக்சாஸ் கேரி லைசென்ஸ் இருக்கிறது. துப்பாக்கி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. நாங்கள் இருவரும் அசையமாட்டோம், நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம். அப்புறம், எங்கள் மொழியில் அவரிடம் பேசலாமா என்று அனுமதி கேட்டேன். சரி என்றார். "ஒண்ணும் இல்லம்மா, கைய மடியில வச்சுக்கோ" என்றேன். வைத்தாள். விரல் நடுங்கி லட்டு டப்பா கீழே விழுந்தது, அதை எடுக்கக் குனியப்போனாள், மறுபடி சொல்லி நிறுத்தினேன்.

என்னை இறங்கி காரின் பின்னால் வரச் சொன்னார். துப்பாக்கியை அவரே எடுத்தார், தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, சுடத் தயாராகக் குழலின் சேம்பரில் இருந்த தோட்டாவையும் எடுத்துவிட்டு, லைசென்ஸைச் சரிபார்த்தார். பின்விளக்குக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும். காலித் துப்பாக்கியை டிக்கியிலும் மேகசினைப் பின் சீட்டிலும் வைத்துவிட்டு, நான் போகிறவரை தொடாதீர்கள் என்றார். மரியாதையான மனிதர். மொத்தம் பதினைந்து நிமிஷம். அம்மா வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள், "அவரு சுட்டிருப்பாராய்யா?"

அன்றைக்கு நடந்ததில் தப்பு முழுக்க என்னுடையதுதான். துப்பாக்கியையும், போலீஸ் நிச்சயம் கேட்கப்போகிற காகிதத்தையும் ஒரே பெட்டியில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லாமல் வைத்தேன். தமிழில் கத்தினேன். இந்த மூன்றையும் நீங்கள் செய்யாதீர்கள்.

இன்சூரன்ஸ் அட்டையை சன் வைசரில் செருகிவையுங்கள். டெக்சாஸில் போனில் காட்டினாலும் செல்லும், ஆனால் இருட்டில் கறுப்பாக ஒன்றைக் கையில் எடுப்பதைவிட அட்டையே மேல். துப்பாக்கி வலது இடுப்பில் என்றால் பர்ஸ் இடது பக்கம் இருக்கட்டும், அல்லது சட்டைப்பையில். டிரைவிங் லைசென்ஸும் கேரி லைசென்ஸும் ஒரே மடிப்பில் முன்னால் இருந்தால், ஒரே தடவை எடுத்துக் கொடுத்துவிடலாம். கழற்றி வைக்க வேண்டிய இடத்துக்குப் போகிறீர்கள் என்றால், சீட்டுக்கு அடியில் கம்பியால் கட்டிவைக்கிற சின்ன லாக்கர் கிடைக்கிறது. நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன்.

விளக்கைப் பார்த்ததும் இண்டிகேட்டர் போட்டு, வெளிச்சமான இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். உள்விளக்கைப் போடுங்கள், நான்கு கண்ணாடியையும் இறக்குங்கள், பாட்டை நிறுத்துங்கள். இதையெல்லாம் அவர் தன் காரைவிட்டு இறங்குவதற்கு முன்பே முடித்துவிட்டுக் கையை ஸ்டியரிங்கில் வைத்துவிட வேண்டும். பின்னாலிருந்து அவர் உங்கள் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தோள் சாய்ந்தாலோ குனிந்தாலோ எதையோ ஒளிக்கிறான் என்றுதான் தோன்றும். பர்ஸை முன்கூட்டியே எடுத்து வைக்கலாமே என்று பலருக்கும் கை பரபரக்கும். வேண்டாம், அவர் வந்து கேட்கட்டும். பெல்ட்டும் மாட்டியபடியே இருக்கட்டும், அதைக் கழற்றக் கை போகிற இடம் துப்பாக்கி இருக்கிற இடம்தான்.

சட்டத்துக்கு வருகிறேன். டெக்சாஸில் லைசென்ஸ் வைத்திருப்பவர் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் அடையாளம் கேட்டால் டிரைவிங் லைசென்ஸோடு கேரி லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இருந்த தண்டனையை 2009இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் காட்ட வேண்டும் என்பது இன்னும் சட்டத்தில் இருக்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல், தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்திருப்பவர்கள் தாமாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் லைசென்ஸ் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேறு சில மாநிலங்களுக்குப் போகும்போது அதன் அருமை தெரியும் என்று நான் சொல்வேன்.

மாநிலம் தாண்டினால் விதி மாறிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். மிச்சிகனிலும் வட கரோலினாவிலும் போலீஸ் நிறுத்திய உடனே நீங்களாகவே சொல்லியாக வேண்டும். ஒஹாயோவில் 2022 ஜூன் வரை அப்படித்தான் இருந்தது, இப்போது கேட்டால் சொன்னால் போதும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி டெக்சாஸ் லைசென்ஸை ஏற்பதே இல்லை. நியூஜெர்சியில் இருக்கிற தங்கை வீட்டுக்கு காரில் போகிறேன், இடுப்பில் இருந்தால் என்ன என்று நினைத்தால் அங்கே நீங்கள் குற்றவாளி. எல்லா மாநிலத்துக்கும் பொருந்துகிற ஒரே பழக்கம் வேண்டுமென்றால், எங்கே நிறுத்தினாலும் முதலிலேயே சொல்லிவிடுகிற பழக்கம்தான். நீங்களாகவே சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற ஊரில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயது கறுப்பின இளைஞரின் காரை நிறுத்தினார்கள். செயின்ட் பால் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தை மேற்பார்வை பார்த்தவர். அனுமதி பெற்ற துப்பாக்கி அவரிடம் இருந்தது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவராகவே, மரியாதையாகச் சொன்னார். அதை எடுக்காதே என்றார் போலீஸ்காரர். எடுக்கவில்லை என்றார் காஸ்டில். சில நொடிகளுக்குள் போலீஸ்காரர் ஏழு தடவை சுட்டுவிட்டார். காரில் காஸ்டிலின் தோழியும், பின் சீட்டில் தோழியின் நாலு வயது மகளும் இருந்தார்கள். அடுத்த வருஷம் ஜூரி அந்தப் போலீஸ்காரரை விடுதலை செய்தது.

அந்தச் சம்பவத்தின் வீடியோ பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காஸ்டில் செய்ததில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. லைசென்ஸைக் காட்டு என்று கேட்ட அதே வாய், எடுக்காதே என்றும் சொல்கிறது. இரண்டில் எதற்குக் கீழ்ப்படிவது? ஆக, நான் சொல்கிறதெல்லாம் செய்தாலும் நூறு சதவீதம் உத்தரவாதம் இல்லை. நம் நிறத்துக்கும் நம் உச்சரிப்புக்கும் எந்த ஆபீசர் எப்படி நடந்துகொள்வார் என்றும் சொல்ல முடியாது. அவரிடமிருந்து இரண்டு மாறான கட்டளை வந்தால் எதையும் செய்யாதீர்கள். கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு, நான் அசையவில்லை, பர்ஸ் இடது பையில் இருக்கிறது, எடுக்கலாமா என்று கேளுங்கள். அவர் 'எடு' என்று வாய்விட்டுச் சொன்னபிறகு ஒரு கையை மட்டும் மெதுவாக நகர்த்துங்கள்.

சொல்கிற வார்த்தையின் வரிசையும் முக்கியம். 'ஐ ஹேவ் எ கன்' என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்து லேனில் லாரி போகிற இரைச்சலில் அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான் அவர் காதில் விழும். "ஆபீசர், எனக்குக் கேரி லைசென்ஸ் இருக்கிறது" என்று ஆரம்பித்து, இப்போது என்னிடம் இருக்கிறது, வலது இடுப்பில், நான் என்ன செய்ய வேண்டும் என்று முடியுங்கள். இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பயத்தில் ஆங்கிலம் தடுமாறும், பழகிய வாக்கியம் தடுமாறாது.

இறங்கச் சொன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும். பென்சில்வேனியாவில் மிம்ஸ் என்பவரின் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்கே, காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக நிறுத்தி இறங்கச் சொன்ன ஆளின் கோட்டுக்கடியில் ஒரு புடைப்பு தெரிந்ததில்தான் ஆரம்பித்தது. பாதுகாப்புக்குத் தேவை என்று கருதினால் உங்கள் துப்பாக்கியை அவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆபத்து இல்லை என்றால் உங்களை அனுப்பும்போது திருப்பித் தர வேண்டும், இது டெக்சாஸ் சட்டம். "அதை எடுத்துக் கொடு" என்றால்கூட நீங்கள் தொடாதீர்கள். நான் இறங்கித் திரும்பி நிற்கிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொல்லுங்கள். காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால், மன்னிக்கவும், எனக்குச் சம்மதமில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள், அந்த வாதத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

நீங்கள் கிரீன் கார்டு என்று சொன்னதால் இவ்வளவு எழுதினேன். இதைப் படிக்கிற மற்ற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்1பி (வேலை), எச்4 (அவர்களின் குடும்பம்), எஃப்1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற ஒருசில விதிவிலக்கு இல்லாமல், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 15 வருஷம்வரை சிறை போகலாம். நண்பன் கொடுத்தான், டெக்சாஸில் லைசென்ஸே வேண்டாமாமே என்று காரில் போட்டுக்கொண்டு திரிகிறவர்களைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. அவர்கள் போலீஸிடம் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அது வாக்குமூலம்தான்.

உங்கள் வீட்டில் யார் காரில் ஏறினாலும், துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். போலீஸ் நிறுத்தினால் கை மடியில் இருக்க வேண்டும், யாரும் எதையும் எடுத்து உதவக் கூடாது, தமிழில் பேசவே கூடாது என்று குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். என் அம்மா 2022இல் மறுபடி வந்தாள். ஏர்போர்ட்டில் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டுவதற்கு முன்னாலேயே கேட்டாள், "அது இன்னைக்கு எங்கய்யா இருக்கு?" காட்டினேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, சரி கிளம்பு என்றாள்.