பாடநூலை மூடிவிட்டுச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்

பேரனின் ஒன்றாம் வகுப்புப் பாடநூலை வைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தபோது, உங்கள் மாமியார் சில நாள்களிலேயே ‘இனி எனக்கு எதற்கு’ என்று ஒதுங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். குறை அவருடைய வயதில் இல்லை. குழந்தைக்கென எழுதப்பட்ட நூல் பெரியவருக்குக் கூச்சத்தையே தரும். முதலில் வெள்ளெழுத்து இருக்கிறதா என்று கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

1960களின் தொடக்கத்தில் பிரேசிலில் முதியோர் கல்வியில் ஈடுபட்ட பாவ்லோ ஃபிரெய்ரே, எழுத்துகளை ஒப்பிக்க வைக்காமல், ‘செங்கல்’ போன்று உழைப்பாளிகள் நாளும் புழங்கும் சொற்களைப் பற்றி அவர்களைப் பேசவிட்டு, பின்னர் அச்சொற்களை அசைகளாகப் பிரித்து, அவற்றிலிருந்து புதிய சொற்களை அவர்களே உருவாக்கும்படி செய்தார். தமிழுக்கும் இது நன்றாகவே பொருந்தும்: ‘படம்’ என்பதிலுள்ள எழுத்துகளுடன் ஒரு புள்ளியைச் சேர்த்தால் பட்டம், மடம், மட்டம் எல்லாம் கிடைத்துவிடும், தவிர, நேர்கோடுகளாலான ட, ப ஆகியவை சுழித்து எழுதும் அகரத்தைவிட விரைவில் கைக்குப் பழகும்.

பேரனை ஆசிரியராக்கித் திருத்தச் சொல்லாதீர்கள். மாமியார் சொல்லும் கதையை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதி, இருவரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். தாம் சொன்ன சொற்களே என்பதால் அடுத்து வருவதை அவரால் ஊகிக்க முடியும், பையனுக்கும் வாசிப்புப் பயிற்சி கிடைக்கும்.