வேலியும் கிணறும்

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்துச் சபையில் ஓய்வுநாள் பாடசாலை படிப்பிக்கிறேன். பாடகர் குழுவிலும் இருக்கிறேன். காலை 5 மணிக்கு எழும்பி வேதம் வாசிக்கிறேன். கிழமைக்கு மூன்று ஜெபக்கூட்டம். சபையில் ஜெபம்பண்ணச் சொன்னால் வார்த்தை தானாக வருகிறது. தனியே முழங்காலில் நின்றால் ஒன்றும் வருவதில்லை. உள்ளே காய்ந்து கிடக்கிறது. இன்னும் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பட்டுமா? உபவாசத்தைக் கூட்டட்டுமா? போன வருடம் வேலி அடைத்தபோது பக்கத்து வளவுக்குள் அரை முழம் போய்விட்டது. அவர்கள் வெளிநாட்டில், ஒருவரும் கேட்கவில்லை. அந்த நினைப்பும் சில வேளை ஜெபத்தைக் குழப்புகிறது. ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எழும்புகிற நேரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேலியைப் பற்றி இரண்டே வரி எழுதி, அதிலும் 'போய்விட்டது' என்கிறீர். வேலி தானாகப் போகாது, தம்பி. பழைய கதியாலைப் பிடுங்கி, அரை முழம் தள்ளி, அலவாங்கால் குழி போட்டு நட்ட கை ஒன்று இருக்கிறது. "நான்தான் தள்ளி நட்டேன்" என்று ஆண்டவரிடம் ஒரு தரமாவது வாய்விட்டுச் சொன்னீரா?

அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, அடுத்த வருடம் உடுவில் பெண்கள் பாடசாலை. நமக்கு விசுவாசமும் பள்ளிக்கூடமும் ஒரே படலையால் உள்ளே வந்தவை. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் வசனம் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய பிள்ளைகள் நாம். 'பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே' என்ற நீதிமொழியையும் ஒப்புவித்திருப்போம். வேலி அடைக்கிற நாளில் அது நினைவுக்கு வருவதில்லை.

'உத்தமம்' என்று நம் வேதாகமத்தில் வரும் சொல்லைக் குற்றமே இல்லாத நிலை என்று எடுத்துக்கொண்டு பயப்படுகிறோம். எபிரெய மூலத்தில் அதன் அடிப்படை முழுமை: பிளவுபடாமல் ஒன்றாயிருப்பது. தாவீது 101ஆம் சங்கீதத்தில் 'என் வீட்டிலே உத்தம இருதயத்தோடு நடந்துகொள்ளுவேன்' என்கிறான். ஆலயத்திலே என்று சொல்லவில்லை, வீட்டிலே என்கிறான். சபையில் ஜெபிக்கிற தம்பியும் வளவில் கதியால் நட்ட தம்பியும் ஒரே ஆளாக வேண்டும். அதுவரை தனி ஜெபம் வறண்டுதான் இருக்கும். அந்த வறட்சி உம்மேல் ஆண்டவர் வைத்திருக்கிற இரக்கம் என்றே நான் நம்புகிறேன்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அம்மா இறந்தபோது அவரது இரண்டு காப்பை அலுமாரியில் ஒரு பழைய சீலைத் துண்டுக்குள் சுற்றி வைத்தேன். வெளிநாட்டிலிருந்த அக்காவிடம் சொல்லவில்லை. மூன்று வருடம் அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தே வேதபாடம் ஆயத்தம் செய்தேன். ஒருநாள் இரவு போன் எடுத்துச் சொன்னேன். அக்கா அரை மணித்தியாலம் ஏசினார். பிறகு மூன்று மாதம் என்னோடு கதைக்கவேயில்லை. அன்றிரவு என் ஜெபம் நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரியையும் சொன்னது நானே.

இனி உமது 5 மணி. நம் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்குமேல் நன்னீராய் மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊற நேரம் இருந்தது. பம்பு போட்டு அளவுக்குமேல் இழுத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறும்; பிறகு தண்ணீர் உவர்தான். இருதயத்திலிருந்து 'ஜீவஊற்று புறப்படும்' என்கிற வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கிணறுகள்தான் நினைவுக்கு வரும். படிப்பிப்பது, பாடுவது, கூட்டத்தில் ஜெபிப்பது, நீர் செய்வதெல்லாம் இறைப்பு. ஒரு கூட்டத்தை விடும். அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, 'தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்' என்ற ஒரே வசனத்தோடு பேசாமல் இரும். வீட்டில் அமைதி இல்லையென்றால் மருதனார்மடத்துக் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்துக்கு ஒருநாள் போய் வாரும். உபவாசம் இப்போதைக்கு வேண்டாம்.

வேலி விஷயத்தைச் சபையில் சாட்சியாகச் சொல்லாதேயும். அதுவும் ஒரு மேடையாகிவிடும். காணிக்காரருக்கு நேரே போன் எடும். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று தொடங்கவேண்டாம். ஏசினால் கேட்டுக்கொண்டிரும். ஐப்பசி மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குமுன் பழைய இடத்தில் குழி போட்டு வைத்தால், முதல் மழையோடு நடுகிற கிளுவைக் கதியால் கார்த்திகைக்குள் தளிர்த்துவிடும்.