அப்பாவின் மாத்திரையும் அமாவாசை விரதமும்

கேள்வி: கிராமத்தில் தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' நிஜமாகவே பயன்படுகிறதா?

பயன்படுகிறது. எங்கள் வீட்டில் அதனால் ஒரு சின்னச் சிக்கலும் வந்தது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. அவரும் அம்மாவும் தஞ்சாவூர்ப் பக்கம் ஊரில், பிள்ளைகள் நாங்கள் வெளியூரில். முன்பெல்லாம் மாதம் ஒரு நாள் நோட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தே ஆரம்ப சுகாதார நிலையம் போவார். வரிசையில் நின்று மாத்திரை வாங்கி, டீக்கடையில் ஊர்க்கதை பேசி முடித்து வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும்.

சுகர், பிரஷர் மாதிரி நோய்களுக்கு வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் இந்தத் தமிழக அரசுத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் தன்னார்வலராக வருவது பக்கத்துத் தெருப் பெண், மகளிர் குழுவில் இருப்பவர். அப்பாவைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். பிரஷர் பார்ப்பார், விரலில் குத்தி சுகர் பார்ப்பார், மாத்திரையைக் கொடுத்து நோட்டில் எழுதுவார்.

அப்பாவுக்கு அவ்வப்போது காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வரும். வயசாகிவிட்டது என்று நாங்களே ஒரு காரணம் வைத்திருந்தோம். அந்தப் பெண்தான், "பெரியப்பா, அமாவாசை அன்னிக்கு மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார். அமாவாசையன்று அப்பா காக்கைக்குச் சோறு வைக்காமல் வாயில் எதுவும் போடமாட்டார், அதற்குப் பன்னிரண்டு மணி ஆகும். சுகர் மாத்திரை மட்டும் வழக்கம்போல ஏழரைக்கே உள்ளே போய்விடும். கிளிபென்கிளமைடு மாதிரி சுகர் மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும், வயதானவர்களுக்கு இன்னும் மோசம். டாக்டரிடம் சொன்னதும் விரத நாளுக்கு என்று தனியாக வழி சொல்லிக் கொடுத்தார். இத்தனைக்கும் தினமும் போனில் பேசுகிறவன் நான். எனக்குத் தோன்றாத கேள்வி அது. அதே தெருக்காரிக்குத்தான் எந்த வீட்டில் எப்போது அடுப்பு பற்றவைப்பார்கள் என்று தெரியும்.

இனி அந்தச் சிக்கல். மாத்திரை வாசலுக்கே வந்ததும் அப்பா மாதாமாதம் போன நடையை நிறுத்திவிட்டார். அதோடு டீக்கடையும் போயிற்று, பேச்சுத் துணையும் போயிற்று. இரண்டு வருஷத்தில், "கையை ஊன்றாம நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேங்கறாருடா" என்று அம்மா சொன்னார். இதற்குத் திட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, உட்கார வைத்தது எங்கள் நிம்மதிதான். இதே திட்டத்தில் வரும் இயன்முறை சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்) மாத்திரை எதுவும் தரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார், சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நிற்கச் சொன்னார். முதல் நாள் அப்பாவால் நான்கு தடவைதான் முடிந்தது. 65 வயதுக்கு மேல் நடை மட்டும் போதாது, வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இப்போது பன்னிரண்டு வரை செய்கிறார். எண்ணுகிற வேலை அம்மாவுக்கு. ஐந்துக்கு அப்புறம் நேராக ஏழு சொல்லிவிடுவதாக எனக்குச் சந்தேகம் உண்டு.

எங்கள் அத்தை கதை வேறு. பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. அவருக்கு நோய்த்தணிப்பு செவிலியர், அதாவது படுக்கையில் இருப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், வீட்டுக்கே வந்து படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டினார், புரட்டிப் படுக்க வைக்க மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு இந்தத் திட்டம்தான் எல்லாம்.

ஆகவே உங்கள் பெற்றோர் நடக்கக்கூடியவர்கள் என்றால் பெயரைப் பதிந்துவிடுங்கள், ஆனால் ஆஸ்பத்திரி நடையை நிறுத்த விடாதீர்கள். கண்ணில் விழித்திரை பார்ப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் சோதிப்பதும் வருஷம் ஒருமுறையாவது நடக்க வேண்டும், அதற்கு எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். பதிவதற்கு ஊரிலிருக்கும் துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியரைக் கேட்டால் போதும். கேட்கும்போதே அமாவாசை, கிருத்திகை என்று என்னென்ன விரதம் இருப்பார்கள் என்பதையும் சொல்லி வையுங்கள்.