நம்ம வாய்க்கா சேதி எந்த சேனல்ல வரும்? (வாசகர் கேள்வி – அக்கா பதில்)

கேள்வி: அக்கா, எங்க வீட்டுல காலைல கோயமுத்தூர் பதிப்பு தமிழ் பேப்பர், ராத்திரி மலையாள நியூஸ். சென்னைல யாரு யாரோட கூட்டணி, திருவனந்தபுரத்துல யாரு ராஜினாமா எல்லாம் தெரியுது. ஆனா போன மாசம் எங்க வாய்க்கால்ல ஏன் தண்ணி நின்னுச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. எங்க சேதி யாருக்குமே வேண்டாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை பக்கம் (கேரளா, பாலக்காடு ஜில்லா)

பதில்: உங்க லெட்டர படிக்கறப்ப எங்க வீட்டு கதையவே படிச்ச மாதிரி இருந்துச்சு தங்கச்சி. ரெண்டு வருஷம் முன்னாடி அரை ஏக்கர் தக்காளி வெச்சிருந்தோம், பூ விட்டு பிஞ்சு புடிக்கற நேரம், திடீர்னு வாய்க்கா காஞ்சுருச்சு, நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னு ஒன்பது நாளு மண்வெட்டிய மடைலயே போட்டு வெச்சு காத்திருந்தோம், இலை அடில இருந்து மேல வரைக்கும் சுருண்டுட்டே வந்துச்சு. பொறவு பாத்தா, கரை உடைஞ்சத சரி பண்ணணும் அதனால தண்ணி நிறுத்தறோம்னு ஒரு ஆபீஸ் செவுத்துல மலையாளத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. எங்க மாமியார் தெனமும் அந்த செவுத்த தாண்டித்தான் பால் சொசைட்டிக்கு போறாங்க, அவங்களுக்கு தமிழ் மட்டும்தான் படிக்க வரும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா பக்கத்து தோட்டத்து போர்ல ரெண்டு தண்ணி வாங்கி பாய்ச்சியிருப்போம், செடி பொழச்சிருக்கும். இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

நம்ம சித்தூர் புழை ஆத்துக்கு வர்ற தண்ணி எப்படி வருதுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் தெரிஞ்சிருக்கணும்ங்க. தமிழ்நாடும் கேரளமும் தண்ணி பங்கு போட்டுக்கற பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970ல கையெழுத்தாச்சு, 1958 நவம்பர்ல இருந்தே அமல்னு போட்டாங்க, அதுப்படி மணக்கடவு வழியா வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வரணும், கணக்கு ஜூலை 1ல ஆரம்பிச்சு அடுத்த ஜூன் 30ல முடியும். மணக்கடவு தாண்டி மூலத்தறை ரெகுலேட்டர், அங்கிருந்து வாய்க்கா, அப்பறம்தான் நம்ம மடை. அதனால தண்ணி நின்னா மேல ஆழியாத்துல விடலையா, மூலத்தறைல திருப்பலையா, இல்ல நம்ம வாய்க்காலே உடைஞ்சு கெடக்கா, இதுல எதுன்னு மொதல்ல கேக்கணும். ரெண்டு ஸ்டேட்டுக்கும் தண்ணி தகராறுன்னா டிவில வரும், நம்மூரு கரை உடைஞ்சா வராது. கோயமுத்தூர் பேப்பருக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினா வேற ஸ்டேட், பாலக்காட்டு டவுன்ல இருக்கற நிருபருக்கு நாம கிழக்கு கடைசி, நடுவுல நாம மாட்டிக்கறோம்.

அதனால சேதிய நாமளே சேத்துக்கணும்ங்க. எங்க குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துல, அதாவது அக்கம்பக்கத்து பொம்பளைங்க சேமிப்புக் குழுவுல, வாராவாரம் ஒருத்தர் வீட்டு திண்ணைல உக்காந்து சேமிப்பு பணம் எண்ணி முடிச்சதும் பத்து நிமிஷம் ஊர் சேதிக்குன்னே ஒதுக்கிட்டோம், மலையாளம் மீடியத்துல படிச்ச பொண்ணு ஒண்ணு இருக்குது, அது ரேஷன் கட, பஞ்சாயத்து, வாய்க்கா ஆபீஸ் நோட்டீஸ எல்லாம் போன்ல போட்டோ புடிச்சுட்டு வந்து தமிழ்ல படிச்சு சொல்லும். குடும்பஸ்ரீ 1998ல ஆரம்பிச்சது, ஒரு கூட்டத்துக்கு பத்துல இருந்து இருபது பொம்பளைங்க, இருபது வீட்டுக்கு ஒரே ராத்திரில சேதி போயிருது. உங்க கூட்டத்துலயும் ஆரம்பிங்க.

கேள்வி: எம்.ஜி.ஆருக்கு நம்ம பக்கம் சொந்தம் உண்டுன்னு தாத்தா சொல்றாரு, நெஜமா?
– பத்தாம் கிளாஸ் மாணவன், கோபாலபுரம்

பதில்: நெஜம்தான் தம்பி. அவர் பொறந்தது 1917ல இலங்கை கண்டில, ஆனா குடும்பத்து வீடு நம்ம வடவன்னூர்ல. தாத்தாவ கூட்டிட்டு ஒரு நாள் போய் பாத்துட்டு வா.

கேள்வி: கிராமசபைக்கு போனா எல்லாம் மலையாளத்துல ஓடுது, கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிர்றாங்க. போயி என்ன பிரயோஜனம்?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: போகாம இருக்காதீங்கண்ணா. போன தடவை எங்க வார்டு கிராமசபை ஸ்கூல் ரூம்ல நடந்துச்சு, ஒரு அப்பத்தா பெஞ்சுல உக்காந்து ரிஜிஸ்டர்ல தமிழ்ல தன் பேர ஒவ்வொரு எழுத்தா எழுதினாங்க, எழுதிட்டு "இப்ப நான் எதுக்கு ஒத்துக்கிட்டேன் கண்ணு?"ன்னு பக்கத்துல இருந்த என்னைய கேட்டாங்க. எனக்கு தொண்ட அடைச்சுருச்சு. எந்திரிச்சு, மினிட்ஸ தமிழ்லயும் படிங்கன்னு கேட்டேன். மொதல்ல மொனகினாங்க, அப்பறம் மெம்பரே படிச்சாரு, அவருக்கும் வீட்டுல தமிழ்தான்.

கேக்கறது நம்ம உரிமைங்க. 1969ல வந்த கேரள ஆட்சிமொழி சட்டத்துலயே தமிழ், கன்னட சிறுபான்மைக்காரங்க செக்ரட்டேரியட்டுக்கும், சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடத்துல இருக்கற சர்க்கார் ஆபீசுக்கும் அவங்கவங்க பாஷைலயே எழுதலாம், பதிலும் அதே பாஷைல வரணும்னு இருக்குது. மனு எழுதறப்ப தமிழ்ல எழுதி, சட்டத்து பேரையும் வருஷத்தையும் கீழ ஒரு வரி போட்டு, ரசீது வாங்கிக்கோங்க. கிராமசபை மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும், வோட்டர்ல பத்துல ஒரு பங்கு ஆள் வந்திருக்கணும், 1200 வோட்டுன்னா 120 பேரு. நாம வரலைன்னா யாரோ நாலு பேரு முடிவு பண்ணிட்டு போயிருவாங்க.

கேள்வி: பஞ்சாயத்துக்கு பெரிய கம்பெனிய எதுத்து ஏதாச்சும் பண்ற அதிகாரம் இருக்குதா, இல்ல எல்லாம் மேல இருந்து வர்ற உத்தரவுதானா?
– கல்லூரி மாணவி, மீனாட்சிபுரம்

பதில்: பிளாச்சிமடை உங்களுக்கு ரொம்ப தூரம் இல்லியே அம்மிணி. 2000ல அங்க குளிர்பான ஆலை வந்துச்சு, கிணத்துத் தண்ணி வாயில வெக்க முடியலன்னு ஆதிவாசி ஜனங்க 2002 ஏப்ரல்ல ஆலை வாசல்ல பந்தல் போட்டு உக்காந்தாங்க, முன்னாடி நின்னவங்கள்ல மயிலம்மாவும் ஒருத்தர், எரவாளர் சமூகத்து பொம்பள. 2003ல பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸ புதுப்பிக்க மாட்டோம்னு முடிவெடுத்துச்சு, கேஸு ஹைகோர்ட் வரைக்கும் போச்சு, 2004 மார்ச்சுல ஆலை நின்னுச்சு. அந்த பந்தல்ல வெயில்லயும் மழையிலயும் உக்காந்தவங்க பெருசா படிச்சவங்க இல்ல, தங்க கிணத்துத் தண்ணி எப்படி மாறிச்சுன்னு அவங்களுக்கு நல்லா தெரியும், அத திரும்ப திரும்ப சொன்னாங்க, அப்பறம்தான் வெளியூர் பேப்பர் எல்லாம் வந்துச்சு.

உங்க வார்டுல அடுத்த கிராமசபை என்னைக்குன்னு மெம்பர்கிட்ட கேட்டு, காலேஜ் லீவு போட்டாவது போங்க. நீங்க என்ன கேட்டீங்க, அவங்க என்ன பதில் சொன்னாங்க, ரெண்டையும் எழுதி அனுப்புங்க, இதே பக்கத்துல போடறேன்.